குளத்தில் தட்டு போட்டவர்

மலேசியாவின் கிள்ளானில் நீச்சல்குளம் உள்ள வீடு ஒன்றை வாங்கலாமென்று பார்க்கப் போனோம். குளத்தைக் கண்டதும் எங்கள் நாலு வயது மகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் மனைவி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குளம் சுத்தம் செய்ய ஒருவர் வந்திருந்தார். வெயிலில் கருத்த முகம், முழங்கால்வரை சுருட்டிய சிலுவார். எங்களுக்கு வணக்கம்கூடச் சொல்லாமல், பையிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை அதுதானாம்.

"அடியில தட்டு தெரியுதா அண்ணே?"

பச்சையாகக் கலங்கிக் கிடந்தது. தெரியவில்லை.

"ரெண்டு நாள் மருந்து போட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும் லா," என்றார் எங்களைக் கூட்டிவந்த வீட்டு ஏஜெண்ட்.

"ஆவும் பாஸ். மழை பேஞ்சா மறுபடி கலங்கும். தட்டே தெரியலன்னா, புள்ள கெடந்தா தெரியுமா? சுத்தி வேலியும் இல்ல, பூட்டக் கதவும் இல்ல."

"அப்படி எங்கேயாவது நடந்திருக்கா?" என்றேன்.

அவர் நீண்ட வலையால் துழாவித் தட்டை எடுத்தார். சோறு ஊட்டுகிற சின்னத் தட்டு, நடுவில் முயல் படம். சட்டையில் துடைத்து, துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

அந்த வீட்டை நாங்கள் வாங்கவில்லை. அது யாருடைய தட்டு என்று கேட்க, அன்று எனக்கு வாய் வரவில்லை.