ஒன்பது மணிக்கு உடற்பயிற்சி

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை பிறந்த மறுநாள் நடந்தது இது. பணிமாற்றலாகி நாங்கள் சென்னையிலிருந்து கொல்கத்தா வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீடு பாலிகஞ்சில், என் அலுவலகம் அலிப்பூரில். கணவருக்குக் கப்பல் வேலை. பாதி வருஷம் கடலில்தான். வீட்டில் நானும் ஒன்பது வயது மகளும் மட்டும்.

அந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டதால் பள்ளியைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். பகலில் பிள்ளையை எங்கே விடுவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, பவானிபூரில் ஒரு டீச்சர் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் கோடை முகாம் நடத்துவது தெரியவந்தது. ஒன்பது மணிக்கு உடற்பயிற்சி, பிறகு ஓவியம், பத்தரைக்குச் சிற்றுண்டி, காகிதக் கைவேலை, பன்னிரண்டுக்குக் கதை, மதியம் ஒரு மணி நேரம் தூக்கம் என்று மாலை ஐந்து வரை அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தார். என் மகளுக்கு அந்தத் தாள்தான் சட்டப் புத்தகம். பையிலேயே வைத்திருப்பாள்.

அட்டவணையின் அடியில், புத்தாண்டு அன்று விடுமுறை என்று போட்டிருந்தது. தேதி இல்லை. புத்தாண்டுக்கு யாராவது தேதி கேட்பார்களா? நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லி, மகளை வீட்டில் வைத்துக்கொண்டு, மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் என்று அமர்க்களப்படுத்தினேன். ராத்திரி முகாமின் வாட்ஸப் குழுவில் பூப்படத்தோடு வங்காளத்தில் நாலு வரி வந்தது. வாழ்த்து சொல்கிறார்கள் என்று நினைத்து, நானும் இரண்டு கைகூப்புகளை அனுப்பிவிட்டுத் தூங்கிப் போனேன்.

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் எல்லாரும் புதுத் துணியில் இருந்தார்கள். ஏதோ கல்யாண கோஷ்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சந்து முனையில் மகள் இறங்கினாள். கேட் ஒரு திருப்பம் தாண்டி இருந்தது. அதுவரை நான் வரக்கூடாது என்பது அவள் உத்தரவு.

"நான் என்ன எல்கேஜியா? நீ ஆட்டோவ விட்டு இறங்காதம்மா, எல்லாரும் சிரிப்பாங்க."

நானும் அப்படியே அலிப்பூர் போய்விட்டேன். எங்கள் அலுவலகத்துக்கு உள்ளூர் விடுமுறை கிடையாது. பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும், பக்கத்து மேஜை அம்மா சிவப்புக் கரைப் புடவையும் கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டியுமாக வந்து நின்றார்.

"ஷுபோ நபோபர்ஷோ, திதி! புது வருஷ வாழ்த்து, அக்கா!"

"எங்களுக்கு நேத்தே முடிஞ்சுதே" என்றேன் சிரித்துக்கொண்டு.

"உங்களுக்கு நேத்து. எங்களுக்கு இன்னைக்கு. ஊரே லீவு, நம்ம ஆபீஸ் மட்டும்தான் திறந்து கிடக்கு."

சந்தேஷ் வாயிலேயே நின்றுவிட்டது. ஊரே லீவு என்றால் முகாம்? டீச்சருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவர் கோயில் வரிசையில் நின்றிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் முகாம் நடந்திருக்கிறது, நாளைக்கு வராதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், ராத்திரி குழுவில் வந்த நாலு வரியும் அதுதான், அன்றைக்குப் பார்த்து நான் பிள்ளையை வீட்டில் வைத்துப் பாயசம் ஊட்டியிருக்கிறேன் என்பதெல்லாம் டாக்ஸியில் போகும்போது ஒவ்வொன்றாக உறைத்தது. பிள்ளையிடம் போன் கிடையாது. அவளுக்கு மனப்பாடமான ஒரே எண் என் பழைய சென்னை எண். அதை நான் மாற்றி ஆறு மாதம் ஆகியிருந்தது.

கேட்டில் பெரிய பூட்டு. பிள்ளையைக் காணோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எங்கோ சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அத்தனையும் வங்காள எழுத்து. அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டு நான் அழுதேன்.

மீன் பையோடு போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்றார். "ஏன் அழறீங்க? அதுதான் எழுதியிருக்கே, படிக்கலையா?" என்று இந்தியில் கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். அவர் பையைக் கீழே வைத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, நிதானமாகப் படித்துச் சொன்னார்: "நீலச் சட்டை போட்ட சின்னப் பெண் எதிர்த் தையல் கடையில் பத்திரமாக இருக்கிறாள். அம்மா பயப்பட வேண்டாம்."

திரும்பினேன். பத்தடி தூரத்தில் தையல் கடை. வாசலில் அரிசி மாவில் அல்பனா என்கிற வங்காளக் கோலம், அதன் பக்கத்திலேயே நான் சொல்லிக்கொடுத்த ஐந்து புள்ளிக் கோலம். உள்ளே தையல் மிஷின் மேல் தட்டை வைத்துக்கொண்டு என் மகள் லூச்சி, அதாவது மைதா பூரி, சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, ஆபீஸ் போகலையா?" என்றாள்.

கட்டிக்கொண்டு நான் அழ, அவள் லூச்சி நசுங்குகிறது என்று கத்தினாள்.

கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அவர் மனைவி என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பூட்டின கேட் முன்னால் பிள்ளை நிற்பதைப் பார்த்து அழைத்து வந்தாராம். அவள் சொன்ன எண் வேலை செய்யவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகலாம் என்று யாரோ சொல்ல, அந்த அம்மா மறுத்துவிட்டார். "பெத்தவ இங்கதானே ஓடி வருவா? வந்து வெறும் பூட்டைப் பாத்தா அவ கதி என்ன?" இந்தியும் வங்காளமும் கலந்து அவர் சொன்னதில் எனக்கு முழுதாகப் புரிந்தது அந்தக் கேள்விதான்.

கடைக்காரர் குறுக்கே புகுந்தார். "திதி, என் புகாரையும் கேளுங்க. உங்க பொண்ணு பையிலேருந்து ஒரு தாளை எடுத்தா. ஒன்பது மணிக்கு உடற்பயிற்சின்னா. பூஜைக்குத் தேங்காய் உடைக்க நின்னவனைக் குனிய வச்சு நிமிர வச்சுட்டா. எனக்கு முட்டி வலி!"

"காக்கு பாதியிலேயே உக்காந்துட்டாரு" என்றாள் மகள், அதற்குள் சித்தப்பா, சித்தி என்று முறை வைத்து. "காக்கிமாதான் முழுசா பண்ணாங்க."

"ஓவிய நேரத்துல கோலம், இப்ப டிபன். அந்த அட்டவணையில எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு" என்றார் கடைக்காரர். "மதியத் தூக்கம். அது வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

கிளம்பலாம் என்றேன். மகள் அசையவில்லை. பதினொன்றுக்குக் கைவேலை, பன்னிரண்டுக்குக் கதை பாக்கி என்றாள். அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு நானும் அங்கேயே உட்கார்ந்தேன். வருகிறவர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த இனிப்புப் பெட்டி அட்டைகளை நானும் மகளும் அந்த அம்மாவும் மடித்தோம். அதுவே கைவேலை. பன்னிரண்டு மணிக்கு என் ஓட்டை இந்தியில் ஒரு காக்காய் கதை சொன்னேன். நான் தடுமாறிய இடத்திலெல்லாம் மகள் வங்காளத்தில் எடுத்துக் கொடுத்தாள். அக்கம்பக்கத்து வாண்டுகள் ஆறேழு பேர் வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள்.

பிள்ளையை யாருமில்லாத சந்தில் தனியாக விட்டுவிட்டேனே என்று அன்றைக்கு டாக்ஸியில் துடித்ததை நினைத்தால் இப்போதும் எழுந்து போய் மகளை ஒரு தரம் பார்த்துவிட்டு வருவேன். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவள் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்கவில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வரும், மனம் தானாக ஆறிவிடும்.