பதினைந்து வருஷக் கெடு

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை. எங்கள் எஸ்டேட் தபால்காரர் முத்தையா, நனைந்த பையைக் கொண்டுவந்து ஆபீசில் நான் கணக்கெழுதுகிற மேஜைமேல் இறக்கினார்.

"ரைட்டரய்யா, ஒங்களுக்கும் ஒண்ணு வந்திருக்கு. போடி முத்திரை" என்றார்.

மகள் சாராளின் கடிதம். மலைக்குக் கீழே, போடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தலைப்பிரசவம். மலையேறி வரவேண்டாம் என்று எஸ்டேட் கம்பவுண்டர் சொல்லிவிட்டதால், நேரம் வரும்போது அவள் அம்மா இறங்கிப் போவதாக ஏற்பாடு. அது மாமியார் இல்லாத வீடு. 'அம்மாவை உடனே அனுப்புங்கள் அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். என் மனைவி பாக்கியத்திடம் காட்டவில்லை. அன்றும் காட்டவில்லை, மறுநாளும் காட்டவில்லை.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாராவாரம் உங்களுக்குத் தைரியம் சொல்லுகிற அதே ஆசாமிதான்! போன மாதம்கூட, கவலையை விடுவது எப்படி என்று முழுசாக ஒரு பத்தி எழுதினேன். நன்றாயிருந்தது என்று சிலர் கடிதம் போட்டிருந்தீர்கள். அவர்கள் தயவுசெய்து மேலே படிக்க வேண்டாம்.

எங்கள் கிறிஸ்தவ ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெரிய காரியம் எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வேதப்புத்தகத்தைத் திறப்போம். விரல் எங்கே விழுகிறதோ, அந்த வசனம்தான் நமக்கு வந்த உத்தரவு. எந்தப் போதகரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் செய்வோம்.

நானும் செய்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவிய அந்த ஐப்பசியில். கூலி ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளில், லைன் லைனாக ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். பாக்கியமும் படுத்துவிட்டாள். நான்காம் நாள் மத்தியானம் கம்பவுண்டர் வந்து பார்த்து, மருந்து எதுவும் தராமலே பெட்டியை மூடினார். மூலையில் சாராள், ஐந்து வயசு, பசிக்கிறது என்று அழுதுகொண்டிருந்தாள்.

புத்தகத்தைத் திறந்தேன். விரலை வைத்தேன். வியாதியாய்க் கிடக்கிற ஒரு ராஜாவிடம் தீர்க்கதரிசி வந்து, வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துகொள், நீ பிழைக்கமாட்டாய் என்று சொல்லுகிற இடம்... விரலை எடுக்காமலே கீழே நாலைந்து வரி படித்தேன். ராஜா அழுது ஜெபிக்கிறான். ஆண்டவர் மனம் இரங்கி, அவன் ஆயுசோடு பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கிறார்.

அன்று சாயங்காலம் பாக்கியத்துக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. பதினைந்து வருஷம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் நாலைந்து வருஷம் சந்தோஷம்தான். அப்புறம்? எண்ண ஆரம்பித்தேன். இன்னும் ஒன்பது... இன்னும் ஆறு... ராத்திரி அவள் இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அவள் சிரிக்கும்போதுகூட எண்ணிக்கொண்டிருப்பேன். பல்லி தலையில் விழுந்துவிட்டது என்று முத்தையா ஒரு நாள் தபாலெடுக்கப் போகாதபோது, ஆபீசே கேட்கும்படி அவரைக் கேலி செய்தவன் நான். என் பல்லி வேதப்புத்தகத்துக்குள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஐப்பசியோடு பதினைந்து முடிகிறது. இந்த மாதம் பார்த்து, அட்டையும் வழுக்கலுமான மலைப்பாதையில் அவளை எப்படி அனுப்புவேன்?

புதன்கிழமை மத்தியானம் சட்டையைத் துவைக்க எடுத்தவள் கையில் கடிதம் அகப்பட்டது. சாப்பாட்டுக்கு வந்த நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"இது என்னைக்கு வந்துது?"

"திங்கட்கெழம. மழை கொஞ்சம் விடட்டும்னு பாத்தேன்..."

"ஐப்பசியில மழை பெய்யாம பின்ன என்ன செய்யும்? உள்ளதச் சொல்லுதியளா, இல்லையா?"

சொன்னேன். ராஜா, விரல், பதினைந்து வருஷம், எல்லாவற்றையும் கொட்டினேன். துவைக்க எடுத்த சட்டையைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னையப் பாக்கும்போதெல்லாம் எண்ணிக்கிட்டா இருந்திய?"

அவள் கண் நிறைந்தது. ஆனால் குரல் கெட்டியாகத்தான் இருந்தது.

"தெனமும் தபால் பைய நீங்கதான பிரிக்கிய? எஸ்டேட்டு தொரைக்கு வந்த கடுதாசிய என்னைக்காவது ஒங்களுக்குன்னு ஒடச்சிருக்கியளா?"

"அது எப்படி?"

"இந்தப் பதினஞ்சு வருசம் அந்த ராசாவுக்கு வந்த கடுதாசி. மேல்விலாசம் அங்கனயே இருக்கு. அத ஏன் எம்பேருக்கு மாத்துனிய?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படின்னா வேதத்துல நமக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கத்தினேன்.

"ஏன் இல்ல? அந்த ராசா செவுத்துப் பக்கம் திரும்பி, மனசுல உள்ளதெல்லாம் ஆண்டவர்கிட்ட அழுது கொட்டுனாருல்லா, அது நமக்கு. இத்தன வருசத்துல ஒரு நாளாவது இந்தப் பயத்த ஜெபத்துல வாய்விட்டுச் சொன்னியளா?"

இல்லை. சொன்னதே இல்லை. பதினைந்து வருஷம்தானா என்று கேட்டால், ஆமாம் என்று பதில் வந்துவிடுமோ என்கிற பயம். தினமும் காலையில் முழங்காலில் நின்று, இன்றைக்கு வேண்டிய ஆகாரத்தை இன்றைக்குத் தாரும் என்று கேட்கிறவன்தான். ஆகாரத்தை மட்டும் ஒரு நாளைக்குக் கேட்டுவிட்டு, பயத்தைப் பதினைந்து வருஷத்துக்குச் சேர்த்து வைத்திருந்தேன்.

பாக்கியம் எழுந்து துணிப்பெட்டியை இழுத்தாள்.

"சரி, நீங்க நெனைக்கது போலயே வச்சுக்கிடுவோம். இந்த ஐப்பசிதான் எனக்குக் கெடுன்னா, நான் இருக்க வேண்டிய எடம் இந்த அடுப்படியா, எம் புள்ளைக்குப் பக்கமா?"

அவள் எடுத்து வைத்த துணிகளை நான் மூட்டையாகக் கட்டினேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் முத்தையாவோடு இறங்கிவிட்டாள். துரை எனக்கு லீவு தரவில்லை. அட்டை ஏறாமலிருக்கக் காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் மூடுபனிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அம்மாவ நான் பாத்துக்கிடுதேன், ரைட்டரய்யா" என்று முத்தையா திரும்பிச் சொன்னார். பல்லியைப் பற்றி நான் பேசியதை அவர் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் தனியாகத் திரும்பி வந்து, அடிவாரத்தில் வண்டி ஏற்றி அனுப்பியாயிற்று என்றார். அதற்கப்புறம் ஒரு செய்தியும் இல்லை. சனி, ஞாயிறு, திங்கள்... சோறு இறங்கவில்லை. கை தானாகவே வேதப்புத்தகத்துக்குப் போகும். கண்ணை மூடி ஒரே ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்துவிட்டால் என்ன? வைக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, அந்த ராஜாவின் கதை வருகிற அதிகாரத்தை முதல் வரியிலிருந்து வரிசையாக வாசித்தேன். இதை யார் யாருக்குச் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே வாசித்தேன். வாசித்து முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆண்டவரே, எனக்குப் பயமாயிருக்கு" என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் பிடித்திருக்கிறது. பயம் ஓடிப்போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அன்று கொஞ்சம் சோறு இறங்கியது.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. உறையைப் பிரிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முத்தையா வாங்கிப் பிரித்துக் கொடுத்தார்.

பாக்கியம் போய்ச் சேர்ந்தபோது சாராளுக்கு வலி எடுத்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. மருத்துவச்சி, பொறுக்கலாம், பொறுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். பாக்கியம் யாரையும் கேட்கவில்லை. வண்டியில் வைக்கோல் பரப்பி மகளைக் கிடத்தி, ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொல்லியிருக்கிறாள். ஆண் குழந்தை. இன்னும் அரை நாள் போயிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்களாம்.

அரை நாள்! நான் அந்தக் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். சட்டை இன்னும் ஒரு நாள் அழுக்காகாமல் இருந்திருந்தால்? நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வராத ஒரு சாவுக்குப் பயந்து, பெற்ற மகளையே சாகக் கொடுக்க இருந்தேனே...

ஐப்பசி முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவள் அங்கே, நான் இங்கே. எப்போது வருவாய், உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் உண்டா, தனியாக எங்கும் போகாதே என்று நாலு பக்கம் எழுதிப் போட்டேன். நேற்று பதில் வந்தது. ஒரு கார்டு, இரண்டே வரி.

'இன்னைக்கு சொகமா இருக்கேன். நாளைக்கு உள்ளத நாளைக்கு எழுதுதேன்.'