ஒன்பது வருடக் கம்ப்யூட்டரும் ஜெய்சனும்

ஜெய்சன் கடல்தொழில் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் கடல் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பதினேழு வயதில் வள்ளத்தில் ஏறிய நான்கு நாளும் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தான். ஐந்தாம் நாள் அப்பா அவனைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார். சும்மா உட்காரப் பிடிக்காமல் வள்ளங்களின் எஞ்சின் பழுது பார்க்கும் இடத்தில் போய் நின்றவன், அந்த வேலையிலேயே ஊன்றிவிட்டான். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பொழியூர்க் கரையில் ஓர் எஞ்சின் படுத்துக்கொண்டால் முதலில் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுவது. தம்பி நிக்கோலஸ் பஹ்ரைனுக்குப் போன வருடம், இருவரும் நெய்யாற்றின்கரையில் கடை கடையாக ஏறி இறங்கி, பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கேம் கம்ப்யூட்டர் அது. தம்பி அங்கே போய் இன்னொன்று வாங்கிக்கொண்டான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்று மாலை நான்கு மணிக்கு இருவரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டத் தொடங்குவார்கள். போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் "பின்ன என்ன?" என்று பேச்சு தீர்ந்துபோகும். ஓட்டும்போது மட்டும் தீராது. அம்மாவின் முட்டுவலி, தேவாலயத் திருவிழா, தம்பியின் கம்பெனியில் ஆள் குறைக்கும் சேதி எல்லாம் வந்தது அந்தப் பந்தய வளைவுகளில்தான்.

போன வருடக் கடைசியில் பந்தயத்தின் புதிய பதிப்பு வந்தது. ஜெய்சனின் ஒன்பது வருடக் கம்ப்யூட்டர் அதில் திணறியது. மூன்று சுற்று ஒழுங்காகப் போகும். நான்காவது சுற்றில் படம் விக்கி விக்கி நகரும். வளைவு வந்ததை அவன் பார்ப்பதற்குள் கார் சுவரில் மோதியிருக்கும்.

"அண்ணா, உனக்க வண்டி எங்க? பின்னால காணவே இல்ல" என்று முதலில் சிரித்த நிக்கோலஸ், நாலைந்து வாரத்தில் சிரிப்பை விட்டுவிட்டான். "நல்லொரு கிராபிக்ஸ் கார்டு நான் வாங்கி, ஊருக்கு வாற ஆள்கிட்ட குடுத்து விடுதேன். உள்ளதில் நல்லதாப் பாத்து" என்றான்.

"நில்லு மக்கா. எதுல கொழப்பம்னு மொதல்ல தெரியட்டு" என்றான் ஜெய்சன்.

அந்த வாரமே கம்ப்யூட்டரை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு பாறசாலைக்குப் போனான். செங்கல் ஊர்க்காரரான தீபு அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். மூடியைத் திறந்து பார்த்தார்.

"கார்டு மாத்தணும், ஜெய்சண்ணா. புது கார்டு போட்டா இந்த பிராசசர் அதுக்கு ஈடு குடுக்காது. பிராசசர் மாத்தணும்னா மதர்போர்டும் மாத்தணும். அப்போ ராமும் வேற."

"மிச்சம் என்னதான் உண்டு?"

தீபு யோசித்தார். "இந்த டப்பா உண்டு" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் ஜெய்சனுக்கு அந்தப் பேச்சு மனதில் ஓடியது. தீபு பொய் சொல்லவில்லை. அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் எஞ்சினோடு வருகிற ஒருவரிடமும் ஜெய்சன் இப்படி எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னதில்லை. எப்போது நிற்கிறது என்றுதான் கேட்பான். எடுத்த உடனேயா, சூடானபிறகா? சும்மா ஓடும்போதா, பாரம் ஏறும்போதா? அதற்குப் பதில் வராமல் ஸ்பானரைத் தொடமாட்டான். சொந்தக் கம்ப்யூட்டரிடம் மட்டும் இதைக் கேட்காமலேயே கடைக்குக் கொண்டுபோனது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு பாகமும் எவ்வளவு பாடுபடுகிறது என்று எண்ணாகக் காட்டும் ஒரு புரோகிராம் உண்டு. அதைப் பந்தயத் திரையின் ஓரத்தில் ஓடவிட்டான். ஓட்டிக்கொண்டே அதையும் பார்க்க முடியாது. மனைவி ஜெம்மாவைக் கூப்பிட்டான். அவள் பயறு உரித்த முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் ஓட்டுதேன். நம்பர் மாற மாற நீ வாசி."

"ராம் தொண்ணூத்தெட்டு. டிஸ்க் நூறு. இந்த டிஸ்க் நூறிலேயே நிக்குது, கேட்டியளா?"

"கார்டு?"

"அது ஐம்பத்தஞ்சு. அது சுகமா இருக்குது."

நான்காவது சுற்று வந்தது. படம் விக்கியது.

"பிராசசர் சூடு தொண்ணூத்தாறு" என்று ஜெம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "இது என்ன கம்ப்யூட்டரா, கஞ்சிக் கலமா?"

ஜெய்சன் நிறுத்தினான். எல்லோரும் குற்றம் சொன்ன கிராபிக்ஸ் கார்டு பாதி பலத்தில் சும்மா இருந்தது. ராம் நிரம்பி, மிச்சத்தைப் பழைய ஹார்டு டிஸ்கின் தலையில் தள்ளியது. டிஸ்கால் ஓடி எடுத்துக் கொடுக்க முடியவில்லை. சூடு ஏறினதும் பிராசசரே தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்தது.

மறுநாள் வீட்டை ஒட்டிய அவன் எஞ்சின் பட்டறையில் வேலை இல்லை. எல்லாவற்றையும் கழற்றிப் பழைய படுக்கைவிரிப்பின் மேல் பரப்பினான். உப்புக்காற்றில் ஊறிய தூசு காற்றாடியின் இதழ்களில் பிசின்போல ஒட்டியிருந்தது. பிராசசருக்கும் அதன் மேலிருந்த காற்றாடிக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவிய பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. பிரஷால் தட்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புதுப் பசை வைத்தான். கடைசியாக, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டியை எடுத்து மூக்கருகே வைத்தான். கருகல் வாசனை. ஆணிகள் துருவேறிச் சிவந்திருந்தன.

இரட்டிப்பு ராம், ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக அதைவிட வேகமான ஓர் எஸ்.எஸ்.டி., ஒரு நல்ல பவர் சப்ளை. இவை மூன்றும் போதும், கார்டு இருக்கட்டும் என்று முடிவு செய்தான்.

"இந்தப் பெட்டிய மாத்தினா வேகம் கூடுமா?" என்று ஜெம்மா கேட்டாள்.

"கூடாது."

"பின்ன என்னத்துக்கு?"

"இது போனா தனியா போகாது. கூட இருக்கிய எல்லாத்தையும் கொண்டுட்டுப் போவும்."

அன்று போனில் விஷயத்தைச் சொன்னதும் நிக்கோலஸின் குரல் இறங்கிவிட்டது. "நான் எது குடுத்தாலும் உனக்கு வேண்டாம், அப்படித்தானே? வீட்டுக்கு மோட்டார் வச்சப்பவும் என்கிட்ட கேக்கல்ல."

தம்பி சொன்னது உண்மைதான் என்று ஜெய்சனுக்குப் பட்டது. அவன் தூர தேசத்தில் கிடந்து பாடுபடுகிறானே, அவனிடம் கேட்கக்கூடாது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தான். கேட்காமலிருப்பது அவனை அந்நியனாக்கும் என்று இதுவரை தோன்றியதில்லை.

"எலே, வேண்டாம்னு ஆரு சொன்னா? பவர் சப்ளை நீ வாங்கித் தா. அதாக்கும் முக்கியம்."

"மூடிக்குள்ள ஒளிஞ்சு கெடக்கிய சாதனத்தயா? ஆளுகளுக்குக் காட்டக்கூட முடியாதே."

"காட்டவா வாங்குதோம்?"

நிக்கோலஸ் சிரித்தான். தீபுவின் நம்பரை வாங்கிக்கொண்டு, அவரிடமே பேசி, கடையில் இருந்ததிலேயே உசத்தியானதை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டான். பாகங்களை வாங்கப் போனபோது ஜெம்மா வாசித்த எண்களைக் கேட்ட தீபு, "இத நான்தானே பாத்திருக்கணும்" என்று தலையைச் சொறிந்தார்.

வெள்ளிக்கிழமை நான்காவது சுற்று வந்தது, ஐந்தாவதும் வந்தது. படம் எண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. ஆனாலும் தம்பியே ஜெயித்தான், ஒரு கார் நீள வித்தியாசத்தில்.

"இனி கம்ப்யூட்டர குத்தம் சொல்ல முடியாது, அண்ணா."

"முடியாது" என்று ஒத்துக்கொண்டான் ஜெய்சன்.

அடுத்த பந்தயம் தொடங்குகிற நேரம் வாசலில் ஓர் ஆள் கூப்பிட்டார். எஞ்சின் பிளக் வாங்க வந்தவர். அவன் எழுந்து போனான். திரும்பி வந்தபோது ஜெம்மா அவன் நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி வளைவொன்றைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, என்ன பேச்சே இல்ல?" என்று தம்பி அங்கே கேட்டிருக்க வேண்டும். ஜெம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மைனியா!" என்று அண்ணியின் சிரிப்பைக் கேட்டு அவன் போட்ட கூச்சல் ஹெட்போனுக்கு வெளியேயும் கேட்டது. "மைனி, பிரேக்க விடுங்க, பிரேக்க விடுங்க!"

ஜெய்சன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜெம்மா மூன்று முறை சுவரில் மோதினாள். கடைசியாகத்தான் வந்து சேர்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு" என்றாள்.