தையலக்கா மாடி ஏறிய கதை

தையலக்காவின் உடம்பில் வேலை செய்தது கண்ணும் விரலும் மட்டும்தான். மற்றதெல்லாம் நாற்காலிக்குச் சொந்தம். கல்யாணமான புதிதில் வாடகைக்குப் பிடித்த தரைத்தளக் கடையில், காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். மெஷின் பலகை மேலேயே டப்பாவைத் திறந்து வைத்துக்கொள்வார். காலர் வைப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. முட்டி வலிக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். "அம்பதைத் தாண்டினா எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அடுத்த துணியை எடுப்பார்.

கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில் கராத்தே வகுப்பு நடந்தது. சாயங்காலமானால் கூரை அதிரும். குதிப்பார்கள், விழுவார்கள், எல்லோருமாகச் சேர்ந்து தொண்டை கிழியக் கத்துவார்கள். தையலக்கா துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, கட்டையால் கூரையில் இடிப்பார். மேலே யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒருநாள் அந்த அதிர்வில் கை பிசகி, மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டது. அதே ஆத்திரத்தோடு மாடிக்குப் போனார்.

அங்கே சொல்லிக்கொடுத்தது ஒரு பெண். பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, சாயங்காலம் இது. முப்பது வயதிருக்கும். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் தையலக்காவிடம் துணி கொடுப்பவர்கள்.

"உன்னைக் கேக்க வீட்ல ஒரு ஆம்பளை இல்லை. அதான் கையையும் காலையும் தூக்கிட்டு ஆடுற," என்றார் தையலக்கா. "பொம்பளைப் பிள்ளைங்களையும் உன்னை மாதிரியே ஆக்கிவிடப் பாக்கிறியா?"

மாஸ்டரின் முகம் சுண்டிப்போயிற்று. "நாளைலேர்ந்து தடிமனான பாய் போட்டுக்கிறோம்க்கா," என்று மட்டும் சொன்னார். தையலக்கா எதையோ ஜெயித்துவிட்ட மாதிரி இறங்கி வந்தார்.

நாலைந்து வருடம் போயிற்று. ஒரு பள்ளித் தலைமையாசிரியை புது ஸ்கர்ட்டுக்கு அடி மடிக்க வந்திருந்தார். தையலக்கா தரையில் மண்டியிட்டு, குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, விளிம்பைச் சுற்றி ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே வந்தார். குத்தி முடித்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மேசைக்காலைப் பிடித்தார், மேசைதான் நகர்ந்து வந்தது. வாயில் மிச்ச ஊசி இருந்ததால் கூப்பிடவும் வழியில்லை.

"என்னம்மா, எதுவும் கீழ விழுந்துடுச்சா?" என்று கேட்டார் தலைமையாசிரியை. பிறகு நிலைமை புரிந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் தையலக்காவுக்குச் சிறுநீர் கசிந்துவிட்டது. தரையில் சின்னதாக ஒரு ஈரம். தலைமையாசிரியை அதைப் பார்த்தார். பார்க்காதவர் போல வாசல் பக்கம் திரும்பி, "இன்னிக்கு என்ன வெயில்," என்றார்.

அந்த நாகரிகத்தைத்தான் தையலக்காவால் தாங்க முடியவில்லை. முகம் சுளித்திருந்தால்கூடத் தேவலாம். அவர் போன பிறகு, குனிந்தால் மறுபடி மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து, ஒரு வெட்டுத்துணியைக் கீழே போட்டுக் காலாலேயே தள்ளித் தள்ளித் துடைத்தார். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது கடையில் பட்டன் தைத்துக்கொண்டு கூடவேதான் இருந்தார். அன்று நல்லவேளையாக வெளியே போயிருந்தார்.

"வியாதின்னு பெரிசா ஒண்ணுமில்லை. தசையெல்லாம் தூங்குது," என்றார் டாக்டர். "இடுப்புக்கும் காலுக்கும் வேலை கொடுங்க. கசியறதும் குறையும்."

காலையில் தெருவில் நடந்து பார்த்தார். தெருவே தன் நடையைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. அந்த வாரமே விட்டுவிட்டார். மாடிப்படியில், பெரியவர்களுக்கு நாலு மணிக்குத் தனி வகுப்பு என்று ஒரு பலகை தொங்கியது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்று தெரியாமலேயே ஏறிவிட்டார்.

"வாங்கக்கா. செருப்பை அந்தப் பக்கம் விடுங்க," என்றார் மாஸ்டர். குத்திக்காட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

ஒரு நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழச் சொன்னார் மாஸ்டர்.

"இதுவா கராத்தே?"

"உங்களுக்கு இப்போ இதான்க்கா கராத்தே."

பிறகு நிற்பது, மூச்சு விடுவது, குத்துவது, அடிபடாமல் விழுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. வெள்ளை உடுப்பைத் தானே தைத்துக்கொண்டார். வீட்டில் சொல்ல வெட்கம். "பட்டன் வாங்கிட்டு வரேன்" என்றுதான் கிளம்புவார். "நீ வாங்கற பட்டனுக்கு ஊர்ல சட்டை பத்தாது போலிருக்கே," என்றார் கணவர்.

எல்லாம் வந்தது, கத்துவதுதான் வரவில்லை. குத்தும்போது வயிற்றிலிருந்து சத்தம் எழுப்ப வேண்டும். வாயைத் திறந்தால், அதே இடத்தில் நின்று தான் அன்று கத்தியது காதில் கேட்கும். உதட்டை மட்டும் அசைப்பார்.

ஒருநாள் எல்லோரும் ஒரே குரலில் கத்தி ஓய்ந்தபோது, தரைக்கு அடியிலிருந்து டொக் டொக்கென்று இடி கேட்டது. கணவர்தான். பெண்டாட்டி இல்லாத நேரத்தில் அவளுடைய வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பயிற்சி செய்த பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தார், பிறகு தையலக்காவைப் பார்த்தார். தையலக்காவுக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருடம் அந்த இடி இந்தப் பக்கம் எப்படிக் கேட்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"விடுங்கக்கா, எங்களுக்குப் பழகிடுச்சு," என்றார் மாஸ்டர்.

தையலக்கா வெள்ளை உடுப்போடேயே இறங்கிப் போய்க் கடைவாசலில் நின்றார். கணவர் தூக்கிய துடைப்பத்தோடு திரும்பினார். மேலிருந்து கீழ்வரை அந்த உடுப்பைப் பார்த்தார்.

"பட்டன் கிடைச்சுதா?" என்றார் கடைசியில்.

"மேல இருக்கிறது நான்தான். இடிக்காதீங்க."

"கத்தினதும் நீதானா?"

"இல்லை. எனக்கு இன்னும் கத்த வரலை."

"வீட்ல நல்லாத்தானே வருது," என்றார் அவர்.

சிரித்துவிட்டு அழுதார் தையலக்கா. தரையில் மாட்டிக்கொண்டது, நனைந்தது, எல்லாவற்றையும் சொன்னார். "இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டபடி, கணவர் துடைப்பத்தைக் கொண்டுபோய்ப் பின்பக்கம் வைத்துவிட்டு வந்தார்.

அடுத்த வகுப்பு முடிந்ததும் தையலக்கா போகாமல் நின்றார். "அன்னிக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு," என்றார்.

மாஸ்டர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "என்னைச் சொன்னதை விடுங்கக்கா. அன்னிக்கு ஒரு அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க, ஜெராக்ஸ் கடைக்காரம்மா. மறுநாள்லேர்ந்து பொண்ணை அனுப்பலை. அதுக்கு மூச்சிரைப்பு. இங்க வந்துதான் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு."

அந்தப் பெண்ணுக்கு வருடா வருடம் துணி தைப்பது தையலக்காதான். கழுத்தில் இன்ஹேலர் தொங்கியதைப் பார்த்திருக்கிறார். பாவம் என்று உச்சுக்கொட்டியும் இருக்கிறார்.

மறுநாளே ஜெராக்ஸ் கடைக்குப் போனார். "நீங்க பெரியவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நிறுத்திட்டேன்," என்றார் அந்த அம்மா, குறையாகச் சொல்லாமல். பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தையலக்கா கூப்பிட்டதும் நெளிந்தாள்.

"இப்போ வந்து மறுபடி மொதல்லேர்ந்து நிக்கணும். வெக்கமா இருக்கும் ஆன்ட்டி."

"வெக்கமாத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் நிக்கிறேன்."

அவள் சிரித்தாள், ஆனால் வரவில்லை. பிறகு பலமுறை கேட்டும் வரவில்லை. தையலக்காவும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டார்.

இப்போது தையலக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கசிவு நின்று வெகுகாலமாயிற்று. பெல்ட்டுக்கான தேர்வில் ஒருமுறை தோற்று மறுமுறை தேறினார். படியேறினால் கணவருக்குத்தான் மூச்சு வாங்குகிறது. அந்தப் பெண் இன்னமும் இவரிடம்தான் துணி கொடுக்கிறாள். மார்பளவு எடுக்க டேப்பைச் சுற்றும்போது, உள்ளே மெல்லிய விசில்போல மூச்சு இழுப்பது விரலுக்குத் தெரியும். அளவை இரண்டாம் முறை பார்ப்பதுபோல அப்படியே கொஞ்சம் நிற்பார் தையலக்கா. அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டார்.