தெர்மாகோல் வள்ளம்

ஜாக்சன் குடித்துவிட்டுக் கடலுக்குப் போனதால்தான் வள்ளம் கவிழ்ந்தது என்று முதலில் கிளப்பிவிட்டவர் தனராஜ் அண்ணாச்சி. கரை முழுக்க அதையே பேசியது. ஜாக்சன் குடியை விட்டு வருஷங்களாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான் என்ற தைரியம்! அவன் மனைவி விஜிலா யாரையும் மன்னிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியான நானும் மன்னிக்கவில்லை.

கரை ஒதுங்கிய அந்த வள்ளத்தைப் பழுது பார்த்து, அதே கனத்த இன்ஜினைப் பின்னால் மாட்டி, திங்கட்கிழமை தொழிலுக்குப் போவதாக அவள் தம்பி அனிஷ் சொன்னபோது அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"அந்த இன்ஜின்தாம்ல அவுகள முழுங்குச்சு."

"நீ சும்மா இரு, அக்கா. கரையில எல்லாரும் அதத்தான் மாட்டுதாவ."

சொல்லிக் கேட்காதவனுக்குக் காட்டிவிடுவது என்று, மீன் கம்பெனி வாசலில் கிடந்த தெர்மாகோல் பெட்டிகளை அள்ளிவந்தாள். வள்ளத்தை அளந்து, பத்தில் ஒரு பங்காக ஹாக்சா பிளேடால் அறுத்து, உப்புத்தாளால் தேய்த்தாள். கணக்கு டீச்சரான நான் எடைகளைக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மேலே பூசிய ரெசின் பசை முதல் தெர்மாகோல் வள்ளத்தைக் கரைத்துத் தின்றுவிட்டது. டப்பாவைத் தெருவில் வீசி அவள் திட்டியதை எழுத முடியாது. அடுத்ததற்கு ஃபெவிகாலில் காகிதம் ஒட்டி பெயிண்ட் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வந்த ஆண்கள் முன்னால், மீன் கழுவும் தொட்டியில் அதை மிதக்கவிட்டாள். ஆளுக்கும் வலைக்கும் மணல் பொட்டலங்கள் வைத்தாள், நேராக நின்றது. இன்ஜினுக்காக ஈயக்குண்டைப் பின்னால் கட்டினாள், பின்பக்கம் தாழ்ந்தது. கையால் சின்ன அலை எழுப்பினாள். தண்ணீர் பின்வழியே ஏறி, வள்ளம் கவிழ்ந்தது.

"இதுல யாரு குடிச்சிருந்தா?" என்று கேட்டாள்.

அனிஷ் மட்டும் சிரித்தான்.

"வெளையாட்டுச் சாமான வச்சுப் பயங்காட்டுத. நாளைக்கு நான் போவேன்."

விஜிலா அதே பிளேடை எடுத்துக்கொண்டு மணலில் கிடந்த நிஜ வள்ளத்துக்குப் போனாள். இன்ஜின் மாட்டும் பின்பலகையை அறுக்கத் தொடங்கினாள். அனிஷ் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"வெலகுல. இல்லன்னா ஒன் கையையும் சேத்து அறுப்பேன்."

விலகினான். கொஞ்ச நேரத்தில் பிளேடு ஒடிந்தது. ஒடிந்த துண்டாலேயே அறுத்தாள். விரலில் ரத்தம் வந்தது. கூட்டத்தில் நின்ற தனராஜ் அண்ணாச்சி தன் வீட்டுக்குப் போய் ஒரு ரம்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

ரம்பத்தை வாங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.