தாம்பாளத்தில் கால் பங்கு சோறு

சர்க்கரை நோய் வந்தால் வரட்டும், எனக்குப் பயமெல்லாம் ஊசிக்குத்தான். சின்ன வயதில் குமராட்சியில் வெள்ளம் வடிந்த பிறகு காலரா ஊசி போட ஆட்கள் வந்தார்கள். நான் பூவரச மரத்தில் ஏறிக்கொண்டேன். மரம் முழுக்கச் செவ்வெறும்பு. அது கடித்த கடிக்கு ஊசியே தேவலாம். ஆனாலும் நான் இறங்கவில்லை. அது கிடக்கட்டும், சொல்ல வந்தது தட்டு விஷயம்.

போன வருஷம் சிதம்பரத்தில் டாக்டரம்மா ஒரு படம் காட்டினார். எனக்கு எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும், அதனால் படம். வட்டத் தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பும் மீனும், மிச்சக் கால் பங்குதான் சோறு.

"தாத்தா, மூணு மாசம் இப்படித்தான் சாப்புடணும். காய் மொதல்ல, சோறு கடைசியில. சர்க்கரை கொறையலன்னா தெனம் ஊசிதான்."

"படத்துல ஆப்பிள்லாம் இருக்கேம்மா. நாங்க முதியோர் பென்ஷன்ல..."

"ஆப்பிள் வேணாம். முருங்கக்கீரை, மத்தி மீனு, ரேஷன் பருப்பு போதும்."

வீட்டுக்காரி தட்டில் அப்படியே அளந்து வைத்தாள். சோறு காக்காய்க்கு வைத்தது மாதிரி இருந்தது. நடவு நட்டு, அறுப்பு அறுத்து, குண்டான் சோறு தின்று வளர்ந்த உடம்பு இது. இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள், அவளுடைய தம்பி பரங்கிப்பேட்டையிலிருந்து மத்தி வாங்கிக்கொண்டு வந்தான்.

"என்னா மாமா, மூஞ்சி இப்படித் தொங்குது? கால் பங்குன்னுதான சொன்னாங்க? எவ்ளோ பெரிய தட்டுன்னு சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

பரண்மேல் மகள் கல்யாணத்துக்குச் சீர் தூக்கிய எவர்சில்வர் தாம்பாளம் இருந்தது. அதில் கால் பங்கு என்றால் பழைய முழுத் தட்டுச் சோறு தாராளமாக நிற்கும். மச்சானுக்கு மூளை உண்டு என்று அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

வீட்டுக்காரி கோபப்படவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அப்ப பாதித் தாம்பாளம் கீரை வேணும்ல? போய் ஒடிச்சிட்டு வாய்யா."

வேலி முருங்கையில் இரண்டு கிளை ஒடித்து உருவினேன். வதக்கினால் ஒரு கைப்பிடிதான் தேறியது. மறுபடி ஏறினேன். ஒருவழியாக உட்கார்ந்து சோற்றில் கை வைத்தால், கரண்டிக் காம்பால் விரலில் ஒரு அடி.

"மொதல்ல கீரை! அப்புறம் மீனு. சோறு கடைசியிலன்னு டாக்டரம்மா சொன்னது காதுல வுழுந்துதா இல்லியா?"

பாதித் தாம்பாளம் கீரையை மென்று முடிப்பதற்குள் தாடை கழன்றுவிடும். வாசலில் கட்டியிருந்த ஆடு, தன் பங்கைத் தின்கிறானே என்று என்னையே முறைத்தது. மீன் வரை போய்ச் சேர்ந்தபோது வயிறு மத்தளம். சோற்றில் நாலு வாய்தான் இறங்கியது. மிச்சம் மச்சானுக்கு. தினமும் இப்படியே. அந்தச் சோற்றுக்காகவே அவன் தவறாமல் மதியம் வர ஆரம்பித்தான்.

மூன்று மாதம் கழித்து மூவரும் சிதம்பரம் போனோம். விரலில் குத்திப் பார்த்தார்கள். அதற்கே நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"நல்லா கொறஞ்சிருக்கு தாத்தா! ஊசி வேணாம். என்ன பண்ணீங்க?"

"தட்ட மாத்துனேம்மா."

"சின்னத் தட்டா? கெட்டிக்காரரு!"

மச்சான் சிரிக்க வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். அவன் "ஆ" என்றதும் டாக்டரம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்தது வந்தீங்க, உங்களுக்கும் பாத்துடலாம்."

பார்த்தார்கள். அவனுக்கு ஏறிக் கிடந்தது.

இப்போது தாம்பாளத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். வேலி முருங்கை மொட்டையாக நிற்கிறது. ஆடு எங்கள் இருவரையும் முறைக்கிறது.