ஒரு தலை, இரண்டு வாக்கு

என் தலைமுடியை அம்மா அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அதே முடியை யாரும் தொட விடமாட்டேன் என்று அப்பா எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மா என்னையும் கேட்கவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். மழைக்காலத்தில் அப்பாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்னைக் குமணன்சாவடியில் மாமா வீட்டில் விட்டுவிட்டு அம்மா அவருடனேயே இருந்தாள். அப்பாவின் ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்று மாமாவும் அத்தையும் என் காதில் விழாதபடி பேசிக்கொண்டது என் காதில் நன்றாகவே விழுந்தது. ஆனாலும் அப்பாக்கள் சாவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தை சுட்டுக் கொடுத்த முறுகல் தோசையைச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

அப்பா பிழைத்து வீடு வந்தார். சட்டைக்குள் ஆளைத் தேடவேண்டியிருந்தது. வந்த சந்தோஷத்தில் என்னைப் பக்கத்தில் இழுத்து, என்ன வேண்டுமோ கேள் என்றார். வேறு பிள்ளையாக இருந்தால் சைக்கிள் கேட்டிருக்கும். எனக்கோ அப்போது பேன் தொல்லை. பேன்சீப்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம், மொட்டை அடித்துவிடுவேன் என்று அம்மா மிரட்டுவாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல்தான் பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த ஒரே மரியாதை. கணக்கு வாத்தியாரைக் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆகவே என் முடியை யாரும் வெட்டக்கூடாது என்று கேட்டேன். அப்பா சிரித்தபடி என் உச்சந்தலையில் கை வைத்தார்.

"உன் தலைமேல சத்தியமா யாரையும் தொட விடமாட்டேன்."

சமையலறையில் டம்ளர் விழுந்து உருண்டது.

ஆடி மாதம் வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. அதற்குமேல் தள்ளிப்போட முடியாமல், ஒரு சாயங்காலம் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, இவர் பிழைத்து வந்தால் என் மகள் முடியை முழுசாக உனக்கு இறக்கிவிடுகிறேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டாளாம். எனக்கு வந்ததே கோபம். அந்த வாரம்தான் பள்ளியில் பழமொழிகள் நடத்தியிருந்தார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக இருக்கிறது என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். சாதாரணமாக இதில் கால்வாசி பேசினாலே முதுகில் ஒன்று விழும். அன்று விழவில்லை.

சங்கடம் என்னவென்றால், வேண்டுதலைத் தவறவிட்டால் அப்பாவுக்கு ஆபத்து. சத்தியத்தை மீறினால் எனக்கு ஆபத்து. அப்பா அப்படியொன்றும் பக்திமான் இல்லை. கோயிலுக்குப் போனால் செருப்புக்குக் காவல் இருப்பவர். ஆனால் மகள் தலையில் கை வைத்துச் சொன்ன வார்த்தை என்று வந்தபோது அவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. வேண்டுமானால் தன் முடியைக் கொடுக்கிறேன் என்றார். காய்ச்சலில் அதில் பாதி ஏற்கெனவே கொட்டியிருந்தது. அம்மா அவர் தலையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பஞ்சாயத்துக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஐயப்பன்தாங்கல் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் என்பதால், இடம் இல்லாத இடத்தில் இடம் பண்ணுவது அவருக்குக் கைவந்த கலை. கோயில் பூசாரியையே கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"மூணு கொத்து பூமுடி எடுத்தா போதும்னு சொல்றாரு யக்கா. ஆத்தா இன்னா, கோச்சிக்கவா போறா?"

"அவரு உசுர மூணு கொத்தாவாடா குடுத்தா? முழுசா தானே குடுத்தா," என்றாள் அம்மா.

மூன்று கொத்தானாலும் தொட்டது தொட்டதுதான் என்று அப்பா வேறு முனகினார். மாமா காப்பியைக் குடித்துவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு முடிவும் ஆகாமலே ஆடி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போனோம். முடி இறக்கும் கொட்டகையில் ஈர முடி காலில் ஒட்டியது. அப்பா என் தலையை ஹெல்மெட் போட்டதுபோல் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு நின்றார். நான் ஊரைக் கூட்டி அழுதேன். எங்கள் முறை வந்தது. யாருக்கு என்று முடி இறக்குபவர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு தன் கொண்டையை அவிழ்த்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தாள்.

சந்தனம் பூசிய தலையோடு அம்மா பஸ்ஸில் ஜன்னலோரம் வந்தாள். நான் பின்னலை முன்னால் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். ஜெயித்த தெம்பில், இதை முதலிலேயே செய்திருக்கலாமே, ஆரம்பத்திலேயே உன் முடியைத் தருவதாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"என்னுது இன்னாடி பெருசு," என்றாள்.

அவள் முடி எலிவால்தான். சரியான பதிலாகவே எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு அப்பா இரண்டு தும்மல் போட்டால் போதும், அம்மாவின் கண் என் பின்னலுக்குப் போகும். பேன் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் நழுவிவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் இதை யார் பின்னுவது என்று, ஒரு சனிக்கிழமை பார்லரில் உட்கார்ந்து தோளோடு வெட்டிக்கொண்டு வந்தேன். யாரையும் தொட விடமாட்டேன் என்றுதான் சொன்னேன், நீயே போய்த் தலையை நீட்டினால் நான் என்ன செய்ய என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வெட்டின முடி எங்கே என்று கேட்டாள். அப்போதே என்னைப் பார்லருக்குத் திருப்பி அனுப்பினாள். நல்லவேளை, ரப்பர் பேண்டோடு மூலையில் கிடந்தது.

அதை மஞ்சள் துணியில் சுற்றி, மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு அதே கோயிலுக்குப் போனாள். அப்பா வழக்கம்போல் செருப்புக்குக் காவல் நின்றார். ஆள் கல்லுக்குண்டாக இருந்தார். அம்மா துணிமூட்டையை உண்டியலில் திணித்துவிட்டு, சன்னதியைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"லேட்டாயிட்ச்சு ஆத்தா. இத்தினி நாளு அவர வுட்டு வெச்சியே, அது போதும்."

அப்பாவின் வார்த்தை நிற்பதற்காகத் தன் வார்த்தையை உடைத்துக்கொண்டு, ஒவ்வொரு தும்மலுக்கும் பயந்தே அவள் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள். பழமொழியைப் படித்த அந்த வயதில் எனக்கு ஒன்று தெரியவில்லை. அந்தத் தேங்காயை அம்மா கடையிலிருந்து எடுக்கவில்லை. அவள் வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான்.